தேர்தலுக்கு முன் ஒரு பிரெஞ்சுப் பாடம்

“தப்பு. மறுபடி சொல்லுங்க,” என்றாள் சொலாஞ்ச், வாழைக்காயை எண்ணெயில் திருப்பிப் போட்டபடி.

அவள் கணவன் எனோ தலையைப் பிடித்துக்கொண்டான். நகரசபை வேட்பாளர்களின் கடைசி விவாதம் இன்று மாலை. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் பேசியாக வேண்டும். கேமரூனின் ஆங்கிலப் பகுதியில் பிறந்த அவனுக்குப் பிரெஞ்சில் மீன் வாங்கத் தெரியும். ஓட்டுக் கேட்கத் தெரியாது.

“பிரெஞ்சு பேசற உங்க ஜனங்க சிரிப்பாங்கடி.”

“சிரிச்சா நல்லது. ஓட்டுப் போடுவாங்க. சரி, குழாய்ல எப்பத் தண்ணி வரும்னு கேட்டா?”

எனோ இம்முறை தடுமாறாமல் பிரெஞ்சில் பதில் சொன்னான்.

“அடடா! நானே நம்பிட்டேன்.”

வாசலில் ஒலிபெருக்கி வண்டி ஹார்ன் அடித்தது. எனோ துள்ளி எழுந்தான்.

“உக்காருங்க. அது உங்க வண்டி இல்ல, என் வண்டி.” சொலாஞ்ச் அடுப்பை அணைத்துவிட்டுத் தன் கட்சித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டாள்.

“உன்னை எதிர்த்து நிக்கிறவனுக்கு எதுக்குடி இவ்வளவு சொல்லிக்குடுத்த?”

“ஞாயித்துக்கிழமை நீங்க தோத்ததும், மொழி தெரியாததாலதான் தோத்தாருன்னு உங்க கட்சிக்காரங்க கோர்ட்டுக்குப் போகக் கூடாதில்ல?”