பகலில் ஆள் உண்டா?

"வீட்டுல மொத்தம் எத்தனை பேர் சார்?"

"ரெண்டே பேர். நானும் என் மனைவியும்." அவள் கேட்டு முடிப்பதற்குள் கமா சார் பதிலைச் சொல்லி முடித்திருந்தார்.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் அதைப் படிவத்தில் குறித்துக்கொண்டாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளவு நாடா. இந்த வருடம் வீட்டுக் காப்பீட்டுப் பிரீமியத்தை ஒரேயடியாக ஒன்றரை மடங்காக்கியது என்ன நியாயம் என்று கேட்டு அவர் மூன்று கடிதம் போட்டிருந்தார். மூன்றாவது கடிதத்துக்குத்தான் இவளை அனுப்பியிருந்தார்கள்.

அச்சகத்தில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவர். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் கமா சார்.

அவள் சமையலறையில் கேஸ் குழாயை வளைத்துப் பார்த்தாள். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். குளியலறை வாசலில் மட்டும் கொஞ்சம் நின்றாள். சுவரில், இடுப்பு உயரத்தில், பளபளவென்று ஒரு எவர்சில்வர் கைப்பிடி.

"இது புதுசா போட்டதா சார்?"

"ஆமா. தரை வழுக்குது, அதான்." அவருக்குக் காது சுட்டது. அவள் அதையும் படிவத்தில் குறித்துக்கொண்டாள்.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் ஆரம்பித்தார். "பக்கத்து வீட்டைப் பாருங்க மேடம். ஒரே மேஸ்திரி கட்டினது. அதே அளவு, அதே கதவு. அவங்களுக்கு ஒரு பைசா ஏறல. எனக்கு மட்டும் ஏன்? நான் என்ன இளிச்சவாயனா?"

அவள் சிரிக்காமல் பழைய விண்ணப்பத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பினாள். "இது உங்க கையெழுத்துதானே சார்? 'பகலில் ஆள் உண்டா?'ன்னு கேட்டிருக்கு. 'இல்லை, பூட்டியிருக்கும்'னு எழுதியிருக்கீங்க."

"ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம்."

"அதான் சார் விஷயம். இந்தப் பக்கம் பகல் திருட்டு ஜாஸ்தி. பூட்டிக் கிடக்கற வீட்டுக்கு மட்டும்தான் ஏத்தியிருக்கு. பக்கத்து வீட்டம்மா நாள் முழுக்க வீட்டுல தையல் மெஷின் ஓட்டறாங்க. அவங்களுக்கு ஏறல."

கமா சார் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "பகல்ல ஒருத்தர் இருந்தா?"

"பழைய தொகையே கட்டினா போதும்."

"வயசானவரா இருந்தா?"

"யாரா இருந்தா என்ன சார்? கதவைத் தட்டினா உள்ளேருந்து யாருன்னு கேக்க ஒரு குரல் வேணும். அவ்வளவுதான்."

மறதிக்காரப் பெரியவர் வீட்டில் இருப்பது தெரிந்தால் கம்பெனிக்காரன் பிரீமியத்தை ஏற்றிவிடுவான் என்று அச்சகத்தில் பைண்டிங் பார்ப்பவர் அவரிடம் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். ஊரார் எழுத்தையெல்லாம் வரி வரியாகப் பார்ப்பவர், அந்த ஒரு பேச்சைச் சரிபார்க்கவில்லை.

"எங்கப்பா இருக்காரு மேடம்." குரல் அவருக்கே கேட்கவில்லை. "எங்களோடதான் இருக்காரு. தெருமுனை பஸ் ஸ்டாப்புல உக்கார வெச்சிருக்கேன்."

அவள் பேனாவை மூடினாள். "எதுக்கு சார்?"

"போன மாசம் அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துட்டாரு. பாத்திரம்தான் கருகிச்சு, வேற ஒண்ணுமில்ல. நீங்க பேச்சுக் கொடுத்தா அதைச் சொல்லிடுவாரோன்னு..."

"எப்பலேருந்து உக்காந்திருக்காரு?"

"எட்டு மணிலேருந்து."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. "வெயில்லயா?"

"நிழற்குடை இருக்கு." சொன்ன பிறகுதான் அந்தப் பதிலின் லட்சணம் அவருக்கே உறைத்தது.

காலையில் அப்பா ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். யார் கேட்டாலும் இந்த வீட்டு ஆள் என்று காட்டிக்கொள்ள வேண்டாம் என்றதும், "சரிப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார். செருப்பு மாட்டும்போது கமா சார்தான் விடாமல் சொன்னார்: "இதையாவது மறந்து தொலைக்காதீங்க."

"நேர்ல பார்த்து ஒரு வார்த்தை கேட்டாத்தான் நான் மாத்தி எழுத முடியும்," என்று அவள் எழுந்தாள். "வாங்க சார்."

அவள் முன்னால் நடந்தாள். அவர் கதவைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே கிளம்பினார். ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது அவள் பெரியவருக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தாள்.

பெரியவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக எழுந்தார். அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார், பஸ்ஸுக்கு வந்த யாரோ ஒருவரைப் பார்ப்பதைப் போல.

"ஐயா, இவர் உங்க மகன்தானே?"

சொல்லுங்கப்பா என்று கெஞ்ச நினைத்தார் கமா சார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது, தலையை மட்டும் ஆட்டினார். புரிந்துகொண்டதைப் போலப் பெரியவரும் லேசாகத் தலையாட்டிவிட்டு, நிமிர்ந்து நின்று தெளிவாகச் சொன்னார்:

"இல்லம்மா, எனக்குப் பிள்ளையே கிடையாது."