மூன்று சதவீதம் வறட்டிக் கரி

ஜாதகத்துக்குப் பதிலாக நுரையீரல் அறிக்கை பார்த்துப் பெண் எடுக்கும் காலம். கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பையனின் அம்மா பங்கஜவல்லி வாசித்தாள்.

"டீசல் கரி எழுபது சதவீதம். செல்லு பாதி செத்திருக்கு. பரவால்ல, காருங்க ஓடுற பெரிய ரோட்டுல வளந்த பொண்ணு. வறட்டிக் கரி மூணு சதவீதம், சேதம் இல்ல." சட்டென்று நிமிர்ந்தாள். "வறட்டியா? சென்னையில யாரு வறட்டி எரிக்கிறாங்க?"

"சுடுகாட்டுலம்மா. அங்கதான் எனக்கு வேலை, வீடும் பக்கத்துலயே" என்றார் பெண்ணின் அப்பா கஜபதி.

பங்கஜவல்லி தட்டைத் தள்ளி வைத்தாள். "எந்திரிடா. கண்ட பொணத்துப் பொகையும் நம்ம வீட்டுக்கு வேணாம்."

கஜபதி பையனைப் பார்த்தார். அவன் தலை குனிந்துகொண்டான்.

"போன மாசியில இந்தத் தம்பி கொள்ளி வெக்க, உங்க வீட்டுக்காரரை நான்தாம்மா எரிச்சேன். அந்த மூணுல அவரும் இருக்காரு."