கைப்பிடி உயரம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம் அது. போன வருடம் சைக்கிளில் கெடு நேரத்துக்கு நான்கு நிமிடம் பிந்தியதால் பாதியில் நிறுத்தப்பட்ட மிளகாய் மொத்த வியாபாரி குருவம்மாள், ஐம்பத்து மூன்று வயதில் புது சைக்கிள் எடுத்திருந்தாள். சைக்கிள் கடைக்கார ஜெரால்டு அதை அவள் உடம்புக்கு ஏற்ப அளவு வைத்தான்.

“கைப்பிடிய ரெண்டு சென்டி இறக்கணும்க்கா. நல்லா குனிஞ்சாத்தான் காத்து தடுக்காது.”

“எவன் முன்னாலயும் குனிஞ்சதில்ல தம்பி. அரை தாரேன்.”

“ஒண்ணரை.”

“ஒண்ணு. முடிச்சுக்க.”

பேரம் ஒரு சென்டியில் படிந்தது. பைபாஸ் வரை எதிர்காற்றில் மிதித்துப் போய்த் திரும்பியவள், சைக்கிளை அவன் முன்னால் நிறுத்தினாள்.

“இன்னும் ஒண்ணரை இறக்கு.”

“நான் கேட்டதே மொத்தம் ரெண்டுதானேக்கா.”

“மேல அரை கொசுறு. வச்சுக்க.”