ஜன்னலோரத்து முருங்கை

சமையலறை ஜன்னலை ஒட்டி நின்ற முருங்கைமரத்துக்கு முன்பெல்லாம் சும்மா நிற்க நேரமிருக்காது. காலையிலேயே மதிலுக்கு மேலே ஒரு தொரட்டி நீளும். "வளர்மதிக்கா, ரெண்டு கொத்து கீரை ஒடிச்சுக்கிறேன்!" என்று பக்கத்து வீட்டுக் குரல் கேட்கும். மத்தியானம் அதே மதில் வழியாக ஒரு கிண்ணம் கீரைப் பொரியல் வந்து சேரும். இப்போது தொரட்டியும் இல்லை, கிண்ணமும் இல்லை. காய்கள் மரத்திலேயே முற்றிக் காய்ந்தன.

ஒரு நாள் ஜன்னல் வழியாக ஒரு பிளாஸ்டிக் டப்பா மரத்தடியில் வந்து விழுந்தது. அணில் இறங்கி வந்து மோந்து பார்த்தது.

"உள்ளே யாரு?"

"முருங்கைக்கீரைப் பொடி."

மரம் குனிந்து பார்த்தது. "அட, நம்ம ஆளா! எந்த ஊருப்பா நீ?"

"மறந்துபோச்சு. மெஷின், குடோன், லாரி, மறுபடி குடோன்னு சுத்திட்டே வந்தேன். பச்சையா இருந்தப்ப எங்க மரத்துலயும் ஒரு அணில் ஓடும். அது மட்டும் ஞாபகம் இருக்கு."

"இங்கே எதுக்கு வந்தே?"

"வளர்மதியம்மாவுக்கு உடம்புல ரத்தம் பத்தலையாம். தினமும் முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னாராம் டாக்டர். ஆன்லைன்ல என்னை வரவழைச்சாங்க. வாசனையே இல்லைன்னு தூக்கிப் போட்டுட்டாங்க."

அணில் கோபத்தோடு மரத்தைப் பார்த்தது. "நீ இங்கேதானே நிக்கிறே? ஜன்னலைத் தட்டிச் சொல்ல வேண்டியதுதானே?"

"காத்தடிக்கிறப்பெல்லாம் கிளையால தட்டிக்கிட்டுதான் இருக்கேன்" என்றது மரம். "சத்தம் தாங்கலைன்னு நாளைக்கு என்னை வெட்ட ஆள் வரச் சொல்லியிருக்காங்க."

சொல்லி முடிப்பதற்குள் காற்று வந்தது. மரம் மறுபடியும் தட்டியது, இந்த முறை மெதுவாக.