தாய்மாமன் விசாரணை

"எங்க உன் பிள்ளை? கூப்பிடு இங்க!"

புக்கிட் பெருந்துங்கிலிருந்து கோலசிலாங்கூர் வரை காரோட்டி வந்த கணேஸ்வரன், வந்த வேகத்தில் தங்கையிடம் கத்தினார்.

புஷ்பா அவசரமாக வாசலுக்கு ஓடி வந்தாள். கூடப் பிறந்தவர் இவர் ஒருவர்தான். இவரும் முறைத்துக்கொண்டு போய்விட்டால் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஏது?

"லீவுல வந்த பொண்ணுகிட்ட சண்டை போடாதீங்கண்ணே."

அதற்குள் நித்தியாவே வெளியே வந்துவிட்டாள். பிறப்புப் பத்திரத்தில் ஆண் பிள்ளை. அவளைக் கேட்டால் எப்போதுமே பெண். ஜெர்மனியில் இஞ்சினியர். மாமா அவளிடம் பேசியே மூன்று வருஷம் ஆகிறது.

"வாங்க மாமா. தே தண்ணி கலக்கவா?"

"தே கெடக்கட்டும் லா! ஜெர்மனியில புதுச் சட்டம் போட்டு உன்னைப் பொண்ணுன்னு மாத்திட்டாங்களாமே? அடுத்தவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"மாத்தல மாமா. நான் பொண்ணுதான். கவர்மெண்ட்டு இப்பத்தான் ஒத்துக்கிச்சு."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. கோர்ட்டு, டாக்டர்னு அலைஞ்சியா?"

"முன்ன அப்படித்தான். இப்ப ஆபீஸ்ல நாமளே போயிச் சொன்னாப் போதும்."

"நம்ம ஊரு அடையாள அட்டை, ஐசியில?"

"அதுல இன்னும் பழசுதான் மாமா."

"அங்க எல்லாத்துக்கும் பொண்ணுதானே? நாளைக்கே எவனாவது இல்லன்னு சொல்ல முடியாதே?"

"முடியாது மாமா."

விடாமல் துருவும் அண்ணனைப் பார்க்கப் புஷ்பாவுக்குப் பொறுக்கவில்லை. பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்கண்ணே. இவ இப்பத்தான் நிம்மதியாச் சிரிக்கிறா. எனக்கு இவளும் வேணும், நீங்களும் வேணும்."

"அட, திட்ட வந்தேன்னு யாரு சொன்னா?" கணேஸ்வரன் வாசல் பக்கம் திரும்பி, காரில் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார். "மாலா! எல்லாம் சரிதான், தாம்பூலத் தட்டை எடுத்துக்கிட்டு வா!"

நித்தியா முகம் சிவந்து அடுப்படிக்குள் ஓடினாள். புஷ்பா ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

"மூணு வருஷமா எங்க வீட்டுல போர்தான் புஷ்பா. 'அத்தை மவள விட்டுட்டு வேற பொண்ணு பார்த்தா வீட்டுக்கே வரமாட்டேன்'னு சொல்லிட்டான் என் மவன் சேது. கல்யாணம் ஜெர்மனியில, விருந்து இங்க. சொல்லு, பொண்ணு குடுப்பியா மாட்டியா?"