நாற்பதாம் நம்பர் கவுன்

ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய துணிகளை விற்கிற கடையொன்றில், ஒரே கம்பியில் இரண்டு கவுன்கள் தொங்கின. அமெரிக்காவுக்கென்று தைத்த பச்சைக் கவுனின் கழுத்துச் சீட்டில் அளவு எட்டு என்று போட்டிருந்தது. பிரான்சுக்கென்று தைத்த மஞ்சள் கவுனுக்கோ நாற்பது.

“கொஞ்சம் தள்ளித் தொங்கேன், இடிக்குது” என்று பச்சை எந்நேரமும் அலட்டிக்கொள்ளும். மஞ்சள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு சுவரோரமாக ஒண்டிக்கொள்ளும்.

ஒருநாள் மரகதவல்லி என்றொரு பெண் மஞ்சளை ஆசையாகக் கையில் எடுத்தாள். சீட்டைப் பார்த்தாள். “ஆத்தாடி, நாப்பதா! அவ்வளவு பெருத்தா போயிட்டேன்?” பச்சையைப் பார்த்தாள். “எட்டா? இது சின்னப் பிள்ளைக்கு.” கிளம்பப் போனவள் என்ன நினைத்தாளோ, டெய்லரிடம் அளவுக்குக் கொடுக்க வைத்திருந்த பழைய ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்து மஞ்சள்மேல் விரித்தாள்.

மஞ்சள் மூச்சை இழுத்துப் பிடித்தது.

“எதுக்குடி வயித்தை எக்குறே? சும்மா இரு” என்றது அளவு ஜாக்கெட். தோளும் மார்பும் கச்சிதமாகப் பொருந்தின. பச்சைமேல் விரித்தபோதும் நூலளவு வித்தியாசமில்லை; ஒரே அளவுக்குத்தான் நாட்டுக்கொரு நம்பர். பச்சை தானாகவே கொஞ்சம் தள்ளித் தொங்கியது.

“அக்கா, உங்க நம்பர் என்ன?” என்று மஞ்சள் கேட்டது.

“எனக்கு ஏதுடி நம்பர்? நான் மரகதவல்லி அளவு.”

மஞ்சளைத்தான் அவள் வாங்கினாள். வீட்டில் போட்டுப் பார்த்தவள், கழுத்தில் குத்துகிறதென்று சீட்டைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள். மஞ்சள் கவுனும் முதன்முதலாக வயிற்றைத் தளர விட்டது.