கோழிக்கால் பெட்டி

கொக்குகள் அணி மேல் காசு கட்டுகிறவனுக்குத் தலையில் களிமண்தான் என்று கவ்சியுங் நகரமே சொல்லும். மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், நிற்பார்கள், பந்து போய்ச் சேர்ந்த பிறகு சுழற்றுவார்கள். பேஸ்பால் ஆடத் தெரியாதவனெல்லாம் சேர்ந்து ஆரம்பித்த அணி.

அந்தக் கொக்குகள் மேல்தான் லியாவ் தன் சாப்பாட்டுக் கடையையே பந்தயம் கட்டியிருந்தான். தோற்றால் கடை போச்சு. கடை போனது தெரிந்தால் பெண்டாட்டி பாவ்ஜூ பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். கட்டியவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மகராசன்.

எதிரணி சுறாக்கள். போன வருஷச் சாம்பியன்.

ஆனாலும் லியாவ் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். சுறாக்களுக்கு மதியச் சாப்பாடு அவன் கடையிலிருந்துதான் போகும். நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஐந்து பேருக்கு மட்டும் கோழிக்கால் வைத்த பெட்டி. மற்றவர்களுக்கு முள்ளங்கி ஆம்லெட் போதும் என்பது அணி நிர்வாகத்தின் பெரிய மனசு. இன்றைக்கு ஐந்து கோழிக்காலிலும் மசாலாவோடு மசாலாவாகப் பேதி மருந்தையும் தடவி அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டான்.

பக்கத்து இருக்கையில் பாவ்ஜூவின் அண்ணன் காவ். ஊரின் பெரிய பந்தய முதலாளிக்கு வலது கை. தலையில் சுறாத் தொப்பி, இடுப்பில் பேஜர், வாய் நிறையப் பாக்கு.

"என்ன மாப்ள, கடையைச் சாத்திட்டு இங்க வந்திருக்கே? எது மேலயாவது கட்டியிருக்கியா?"

"நமக்கெதுக்கு மச்சான் அதெல்லாம்? சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன்."

"அதானே! சோறு வடிக்கிற கை சோறுதான் வடிக்கணும். பந்தயம்கிறது விஷயம் தெரிஞ்சவன் செய்யற வேலை."

ஒவ்வொரு பண்டிகைக்கும் சொந்தக்காரர்கள் எதிரில் இதே நக்கல். இன்றோடு உன் கொட்டம் அடங்கும்டா என்று மனசுக்குள் கறுவினான் லியாவ்.

ஒலிபெருக்கி கரகரத்தது. சுறாக்கள் அணியில் மாற்றம். ஒன்று, இரண்டு என்று ஐந்து நட்சத்திரங்களின் பெயரும் வரிசையாக விழுந்தது. ஐந்து பேருக்கும் உடம்பு சரியில்லையாம்.

காவின் தாடை நின்றுபோனது. பாக்குச் சாறு சட்டையில் வழிந்தது.

"அஞ்சு பேருமா? ஐயையோ, அஞ்சு பேருமேவா?"

முன் வரிசை ஆள் திரும்பி, "வயித்தால போகுதாம்ணே, கக்கூஸை விட்டு வெளியவே வரலையாம்" என்றான்.

இடுப்பில் பேஜர் அலறியது. அணைத்தால் மறுபடி அலறியது. சுறாக்கள் மேல் மூட்டையாகக் கட்டியிருப்பான் போல என்று லியாவுக்கு ஒரே குஷி. சிரிப்பு வெளியே வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"பாவம் மச்சான்! விஷயம் தெரிஞ்சவங்களுக்கும் இப்படி ஆகுதே."

பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த ஐந்து பேர் களத்தில் இறங்கினார்கள். இதுகளா ஆடப்போகிறது என்று லியாவ் இளக்காரமாகப் பார்த்தான்.

முதலில் வந்தவன் மாயாவ் என்கிற மலைநாட்டுக்காரன். வந்த முதல் பந்தையே வேலிக்கு வெளியே அடித்தான். அடுத்தவன் மண்ணில் விழுந்து புரண்டு ஓட்டம் எடுத்தான். புது வீச்சாளன் வீசிய வேகத்தில் கொக்குகளுக்குப் பந்தே தெரியவில்லை. வருஷம் முழுக்க ஆம்லெட் தின்ற ஆத்திரத்தை ஐந்து பேரும் ஒரே நாளில் தீர்த்துக்கொண்டார்கள். கொக்குகளோ வழக்கம்போல நின்றார்கள், நின்றார்கள்.

பதினொன்றுக்குப் பூஜ்யம்.

லியாவுக்குக் கண் இருட்டியது. கடை போச்சு. பாவ்ஜூ முகத்தில் எப்படி விழிப்பது? வயிற்றெரிச்சலோடு திரும்பினால், காவ் தொப்பியை மிதித்துக்கொண்டு ஓவென்று அழுகிறான்.

"உங்க சுறாதான் ஜெயிச்சாச்சே, இன்னும் என்ன ஒப்பாரி மச்சான்?" எரிந்து விழுந்தான் லியாவ்.

"எவன்டா சுறா மேல கட்டினது? நானும் முதலாளியும் இருக்கிறதையெல்லாம் வித்துக் கொக்கு மேல கட்டியிருந்தோம்டா!"

"கொக்கு மேலயா? உங்களுக்கென்ன பைத்தியமா?"

காவ் மூக்கைச் சிந்திச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"தோத்துக் குடுக்கறோம்னு எங்ககிட்டக் காசு வாங்கின அஞ்சு பேரையும் எந்த நாசமாப் போறவனோ பொறுக்கி எடுத்துக் கக்கூஸுக்கு அனுப்பிட்டான்டா மாப்ள!"